பேக்கப் என்று நினைக்காத நகல்: கிட்லேப் 2017, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரி 31, யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி இரவு 11:27. நம் ஊரில் அப்போது மறுநாள் விடியற்காலை ஐந்து மணி ஆகப்போகிறது. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிக்கக் கட்டளை கொடுக்கிறார். ஒன்றிரண்டு நொடியில் அவருக்கு உறைக்கிறது: தான் நிற்பது வேறு சர்வரில். கட்டளையை நிறுத்துகிறார். சுமார் 310 ஜிபி இருந்த தரவில் அப்போது மிஞ்சியது 4.5 ஜிபி.

கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைத்துக் கூட்டாக வேலை பார்க்கும் தளம். பேக்கப், நகல், ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது) என்ற சொற்களைத் தினமும் புழங்குகிறவர்கள் நடத்தும் இடம். அங்கேயே இப்படி நடந்தது என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணம், அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். குறிப்பேட்டை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். பிறகு நேரக் குறிப்புகளோடு விரிவான அறிக்கை எழுதினார்கள். அழித்தவரின் பெயர் அதில் "குழு உறுப்பினர் 1" என்று மட்டுமே வருகிறது. அந்தக் கண்ணியத்துக்காகவே அந்த அறிக்கையின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

வீட்டில் மூன்று நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரே புகைப்படங்களைத் திரும்பத் திரும்பக் கொட்டி வைத்திருக்கும் நமக்கும் இதில் நிறைய இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்று மாலையிலிருந்து

கிட்லேப் தளத்தின் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஓடியது. இரண்டு சர்வர்கள். முதலாவது டிபி1, பயனர்கள் தொடும் தரவெல்லாம் அதில். இரண்டாவது டிபி2, முதலாவதில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் வாங்கி எழுதிக்கொள்ளும் நகல். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது வேலையை எடுத்துக்கொள்ளும்.

மாலை 5:20 மணிக்கு (இங்கே வரும் நேரங்களெல்லாம் யுடிசிதான்) அந்தப் பொறியாளர் ஒரு காரியம் செய்கிறார். தரவுத்தளத்தின் பளுவை இரண்டு சர்வருக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சோதனைக்குப் புதிய தரவு தேவை. வழக்கமான ஸ்னாப்ஷாட் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படும். அதுவரை காத்திருக்காமல், கையாலேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துச் சோதனைச் சர்வரில் ஏற்றுகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணி வாக்கில் தரவுத்தளத்தில் பளு ஏறுகிறது. எரிதம் (ஸ்பேம்) பரப்பும் பயனர்களின் வேலை என்று நினைத்தார்கள். பின்னால் தெரிந்தது, அதில் ஒரு பங்கு அவர்களுடைய நிறுவன ஊழியர் ஒருவரின் கணக்கை நீக்க ஓடிக்கொண்டிருந்த பின்னணி வேலை. யாரோ விஷமத்தனமாக அந்தக் கணக்கின் மேல் புகார் கொடுத்திருந்தார்கள். அது தவறுதலாக நீக்கப் பட்டியலில் ஏறியிருந்தது.

பதினொரு மணி சுமாருக்கு டிபி2 பின்தங்கிவிட்டது. அது இன்னும் வாங்காத மாற்றப் பதிவுகளை டிபி1 ஏற்கெனவே தூக்கி எறிந்துவிட்டது. அந்தப் பதிவுகளை வேறெங்கும் சேர்த்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. எனவே டிபி2-வில் உள்ளதைத் துடைத்துவிட்டு, டிபி1-லிருந்து முழு நகலை மறுபடி எடுப்பதே வழி. முறையான வழியும் அதுதான். துடைத்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். டிபி2 துடைக்கப்பட்ட நொடியிலிருந்து உயிருள்ள தரவு ஒரே இடத்தில்தான் இருந்தது. எல்லோர் மனதிலும் இரண்டு சர்வர். உண்மையில் ஒன்று. தவறு நடப்பதற்கு முன்பே ஆபத்தான நிலை வந்துவிட்டது. அதை யாரும் ஆபத்தாக உணரவில்லை, ஏனென்றால் அது பழுதுபார்க்கும் வேலையின் ஒரு படி.

நகலெடுக்கும் கட்டளை ஓடாமல் நின்றது. முதலில், நகல் அனுப்பும் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை போதவில்லை என்று வந்தது. 3 ஆக இருந்ததை 32 ஆக்கினார்கள். மறுபடி தொடங்கினால் போஸ்ட்கிரெஸ் வேறொரு காரணத்தால் எழ மறுத்தது. 8000 ஆக இருந்த இணைப்பு வரம்பை 2000 ஆகக் குறைத்தார்கள், எழுந்தது. ஆனாலும் நகலெடுக்கும் கட்டளை எந்தச் செய்தியும் இல்லாமல் சும்மாவே இருந்தது. உண்மையில் அது பழுதாகவில்லை, டிபி1 தரவை அனுப்பத் தொடங்கட்டும் என்று காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கும் என்பது அவர்களுடைய வழிகாட்டிக் குறிப்புகளில் இல்லை.

வேலையை முடித்துக் கிளம்ப இருந்த மனிதர், நேரம் வேறு நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. முந்தைய முயற்சிகளில் டிபி2-வில் ஏதாவது கோப்புகள் உருவாகி, அவைதான் தடுக்கின்றனவோ என்று தோன்றியிருக்கிறது. ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி முயலலாம் என்று கட்டளை அடித்தார். திரையில் திறந்திருந்தது டிபி1.

ஒவ்வொரு கதவாகத் தட்டியபோது

சரி, பேக்கப் இருக்குமே. அவர்களும் அப்படித்தான் தேடப் போனார்கள்.

டிபி2-வைத்தான் முதலில் நினைப்போம். அது துடைக்கப்பட்டுவிட்டது. துடைக்காமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும், தரவுத்தளத்துக்குள்ளேயே யாராவது தவறான கட்டளையால் ஒரு அட்டவணையை அழித்திருந்தால் டிபி2-வும் அதே நொடியில் அதை அழித்திருக்கும். உடனுக்குடன் ஒத்திசையும் நகல், நல்லதையும் கெட்டதையும் ஒன்றுபோல எழுதிக்கொள்ளும். இயந்திரம் பழுதானால் அது காப்பாற்றும். கை தவறினால் காப்பாற்றாது.

அடுத்து, தினசரி முழு ஏற்றுமதி. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தரவுத்தளம் முழுவதையும் ஒரு கோப்பாக்கி அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் போடும் ஏற்பாடு. போய்ப் பார்த்தால் அங்கே எதுவுமே இல்லை. காலி.

ஏன் காலி என்ற விவரம்தான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கிட்லேப் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பை ஓட்டியது. ஏற்றுமதி செய்யும் கருவியும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். எந்தப் பதிப்பு என்பதை அவர்களுடைய மென்பொருள் தொகுப்பு எப்படிக் கண்டுபிடிக்கும்? தரவு ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு சிறிய பதிப்புக் கோப்பைப் பார்க்கும். ஆனால் பேக்கப் வேலை ஓடியது தரவுத்தள சர்வரில் அல்ல, சாதாரணப் பயன்பாட்டுச் சர்வர் ஒன்றில். அங்கே தரவு ஃபோல்டரே கிடையாது. கோப்பைக் காணாத தொகுப்பு, இயல்பு நிலையான 9.2-ஐ எடுத்துக்கொண்டது. 9.2 கருவி 9.6 தரவுத்தளத்தைப் பார்த்ததும் பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் இதே கதை.

பிழை வந்தால் தெரியாதா? தெரிய வேண்டும் என்றுதான் மின்னஞ்சல் போகும்படி வைத்திருந்தார்கள். ஆனால் தானியங்கி வேலைகளிலிருந்து போன அந்த மின்னஞ்சல்களுக்கு டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு அமைக்கப்படவில்லை. பெறும் பக்கம் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. பேக்கப் தோற்றது, தோற்றதைச் சொன்ன கடிதமும் வந்து சேரவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு அந்த மௌனம் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே கேட்டிருக்கிறது.

மூன்றாவதாக மைக்ரோசாஃப்ட் அஷூரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட். கோப்புச் சர்வர்களுக்கு அது இயங்கியது. தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவில்லை. மற்ற பேக்கப்புகளே போதும் என்று விட்டிருந்தார்கள். ஒரு காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் இன்னொரு காப்பை விடுவது எவ்வளவு இயல்பான நினைப்பு! அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் அதையே செய்திருக்கிறேன்.

ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பகமாக வேலை செய்யவில்லை, அல்லது அமைக்கப்படவே இல்லை என்று அன்றே அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள்.

கைகொடுத்தது எது

மாலை 5:20-க்குச் சோதனைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட். அது மட்டும்.

அதைப் பேக்கப் என்று யாரும் எடுக்கவில்லை. கிட்லேப்பில் அந்த வகை ஸ்னாப்ஷாட்டின் நோக்கமே வேறு: உண்மைத் தரவைச் சோதனைச் சர்வருக்குக் கொண்டு போவது. பேரிடர் மீட்புக்கான பட்டியலில் அதற்கு முதன்மை இடம் இல்லை. அந்தப் பொறியாளர் அன்று மாலை கொஞ்சம் சோம்பல்பட்டு, "நேற்றைய தரவே போதும்" என்று விட்டிருந்தால், இழப்பு ஆறு மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழு நாளாகியிருக்கும். தவறுதலாக அழித்த அதே மனிதர்தான், ஆறு மணி நேரம் முன்னால், மீட்பதற்கான நகலையும் எடுத்து வைத்திருந்தார்.

இதைத் தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற ஏற்பாடுகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. எஸ்3-க்குப் போக வேண்டிய கோப்பை யாரும் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் எந்த நாளிலும் வரவில்லை. அது "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று ஒதுக்கப்பட்டது. இந்த ஸ்னாப்ஷாட்டை ஒருவர் அன்றைய வேலைக்காக எடுத்தார், ஏற்றினார், அது ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். எடுத்தது கெட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். புழங்குகிற நகலில் பழுது மறைந்திருக்க இடம் குறைவு.

மீட்பு எளிதாக இருக்கவில்லை. சோதனைச் சர்வர் மலிவான, மெதுவான டிஸ்க்கில் இருந்தது. வேகம் நொடிக்கு சுமார் 60 மெகாபிட். 310 ஜிபியை அந்த வேகத்தில் நகர்த்தக் கணக்குப் போட்டால் பதினொன்றரை மணி நேரம் வருகிறது. தளம் மீண்டும் திறக்க எல்லாமாகச் சேர்ந்து 18 மணி நேரம் பிடித்தது. நகல் இருக்கிறதா என்று கேட்கும் நாம், அதை எடுத்து வர எவ்வளவு நேரமாகும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

நிரந்தரமாகப் போனது மாலை 5:20 முதல் நள்ளிரவு வரையிலான மாற்றங்கள். அவர்களுடைய மதிப்பீட்டில் சுமார் 5000 திட்டப்பதிவுகள், 5000 கருத்துகள், சுமார் 700 புதிய பயனர் கணக்குகள். நிரல் கோப்புகள் தனிச் சேமிப்பில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு செய்த மாற்றங்களில் மூன்றைச் சொல்ல வேண்டும். எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது கட்டளை வரியிலேயே பளிச்சென்று தெரியும்படி மாற்ற முடிவெடுத்தார்கள். பேக்கப்பைத் தானாகவே மீட்டுப் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார்கள். தரவின் பாதுகாப்புக்கு என்று ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அதற்கு முன்பு பேக்கப் எல்லோருடைய வேலையாகவும் இருந்தது, அதனாலேயே யாரும் தினமும் போய் எஸ்3-ஐத் திறந்து பார்க்கவில்லை.

பழையதை மட்டும் அழிக்கப் போய்

கிட்லேப்பில் நடந்தது இடம் மாறிய அழிப்பு. மிகையானதை ஒழுங்காக அழிக்கும் வேலையே கவிழ்ந்த கதை ஒன்றும் உண்டு. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை நடந்தது. பேக்கப் வேலையின் பழைய பதிவுக் கோப்புகளில் பத்து நாளைத் தாண்டியவற்றை அழிக்கும் ஒரு சிறு நிரல். அதைப் பராமரித்த ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாறிகளின் (நிரலில் மதிப்புகளைத் தாங்கும் பெயர்களின்) பெயர்களைத் திருத்திப் புதிய பதிப்பை, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் எழுதிவிட்டது. அந்த நிரலை ஓட்டும் ஷெல் என்ற கட்டளை இயக்கி, நிரல் முழுவதையும் முதலிலேயே வாசித்துக்கொள்வதில்லை, ஓட ஓட வாசிக்கும். பாதியில் புதிய பதிப்புக்குத் தாவியது. புதிய பெயருள்ள மாறியில் மதிப்பே இல்லை. பதிவு ஃபோல்டரைத் தேட வேண்டிய கட்டளை, ஆய்வாளர்களின் சேமிப்பகத்துக்குள் போய்ப் பத்து நாள் தொடாத கோப்புகளை எல்லாம் அழித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவு பேக்கப்பிலிருந்தும் மீளவில்லை. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது.

பத்து நாள் தொடாத கோப்பு தேவையற்ற கோப்பு என்பது பதிவுக் கோப்புக்குப் பொருந்தும். ஆய்வுத் தரவுக்குப் பொருந்தாது. தேதியை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்குகளில்

இனி நம் பக்கம். ஒரு லேப்டாப், இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், நாலைந்து பென் டிரைவ். "பேக்கப்", "பேக்கப் புதுசு", "பழைய லேப்டாப் எல்லாம்" என்று ஃபோல்டர்கள். ஒரு நாள் டிஸ்க் நிறைந்துவிடும். இரட்டைக் கோப்புகளைத் தேடி அழிக்கும் மென்பொருளை இறக்கி, எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் செருகி ஓட்டுவோம். டிபி1, டிபி2 நின்ற இடத்தில் நாமும் நிற்பது அப்போதுதான்.

அந்த மென்பொருளுக்கு எது மிகை, எது காப்பு என்று தெரியாது. ஒரே டிஸ்க்குக்குள் ஒரே புகைப்படம் மூன்று ஃபோல்டரில் இருந்தால் அது மிகை, இரண்டை எடுத்துவிடலாம். இரண்டு டிஸ்க்கில் ஒன்று ஒன்றாக இருந்தால் அதுதான் உங்கள் பேக்கப். மென்பொருள் இரண்டையும் "இரட்டை" என்றே காட்டும். ஒரு சொடுக்கில் பேக்கப் முழுவதும் போய்விடும், போனது இடம் மிச்சமானது போலத் தெரியும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கை மட்டும் செருகி, அதற்குள்ளேயே உள்ள இரட்டைகளை மட்டும் தேடுவதே என் வழக்கம். அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்குகள் அலமாரியில் இருக்கும். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தக் கட்டளையும் தொடாது.

விண்டோஸில் இன்னொரு சிக்கல். செருகும் வரிசையைப் பொறுத்து இ டிரைவ், எஃப் டிரைவ் என்ற எழுத்துகள் மாறிவிடலாம். நேற்று இ ஆக இருந்தது இன்று எஃப். டிஸ்க்குக்கு நிலையான பெயர் வைத்து, அதே பெயரை மேலே ஒரு ஸ்டிக்கரிலும் எழுதி ஒட்டுங்கள். "சிவப்பு", "மஞ்சள்" என்று நிறமே போதும். கிட்லேப் கட்டளை வரியில் செய்ததும் இதைத்தான்.

பெயரை வைத்து ஒன்றென்று முடிவு செய்யக் கூடாது. பல கேமராக்களில் கோப்பு எண் 9999 வரை போய் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். 2012-ல் எடுத்த குழந்தைப் படமும் 2019-ல் எடுத்த கல்யாணப் படமும் ஒரே பெயரில் இருக்கலாம். தேதியையும் நம்ப முடியாது, சில வழிகளில் நகலெடுக்கும்போது நகலெடுத்த நாளே கோப்பின் தேதியாக விழுந்துவிடும். கோப்பின் உள்ளே இருக்கும் பைட்டுகளை முழுக்க வாசித்து ஒரு கைரேகை எண் தரும் ஷா-256 போன்ற முறையில் ஒத்துப்போனால் மட்டுமே இரண்டும் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வந்த படம் இந்தச் சோதனையில் மூலப் படத்தோடு ஒத்துப்போகாது, ஏனென்றால் அது சுருக்கப்பட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் அந்த இரண்டில் பெரியதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், அழிக்கும் முறை. கிட்லேப்பில் அன்று ஃபோல்டரை அழிப்பதற்குப் பதில் அதன் பெயரை மாற்றியிருந்தால், தளம் தடுமாறி நின்றிருக்கும், ஆனால் பெயரைத் திரும்ப மாற்றியதும் தரவு அப்படியே இருந்திருக்கும். நான் மிகை என்று முடிவு செய்த கோப்புகளை அழிப்பதில்லை. ஒரு பழைய மூன்றாவது டிஸ்க்கில், எங்கிருந்து எடுத்தேனோ அதே ஃபோல்டர் வரிசையோடு நகர்த்தி வைக்கிறேன். எதையாவது தேடி இல்லையென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் ஒத்திசைவு முறை, ஆர்-சிங்க் போன்ற கருவிகளில் உண்டு. மிகவும் பயனுள்ளது, மிகவும் கவனமும் வேண்டும். மூல டிஸ்க் சரியாக இணையாமல் காலி ஃபோல்டராகத் தெரிந்தால், அந்தக் காலித்தனத்தை அது விசுவாசமாக நகலெடுத்துவிடும். முதலில் ஒத்திகை ஓட்டம், எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்ற பட்டியல், அதைப் படித்த பிறகே உண்மை ஓட்டம்.

மாதம் ஒருமுறை, மஞ்சள் டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபோல்டரை எடுத்து, அதை எழுதாத வேறொரு கணினியில் திறக்கிறேன். அம்மாவுக்குக் காட்ட ஒரு பழைய பயணத்தின் படங்கள், அல்லது ஏதாவது பத்திரத்தின் ஸ்கேன். உண்மையான தேவைக்கே எடுக்கிறேன், அப்போதுதான் மறப்பதில்லை. மூன்றாவது டிஸ்க்கின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, அதில் கடைசியாக நகர்த்திய தேதியும் அதிலிருந்து ஆறு மாதம் தள்ளி இன்னொரு தேதியும். அந்த இரண்டாவது தேதிக்கு முன்னால் அதிலிருந்து எதையும் அழிப்பதில்லை.